குருவில்லாவின் கரண்டி

டிங், மூன்றாவது தூணருகே பீங்கான் கோப்பையின் விளிம்பில் கரண்டி படுகிறது, ஒரே தட்டு, உடனே பியானோவின் மேல் என் பத்து விரல்களும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதுபோல் நடக்கத் தொடங்குகின்றன, ஓட்டல் லாபியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒரு தட்டு என்றால் சத்தத்தைக் குறை, இரண்டு தட்டு என்றால் நிறுத்து, மேனேஜர் குருவில்லாவுக்கும் எனக்கும் முப்பத்தோரு வருடம் நடந்த பேச்சுவார்த்தை மொத்தமும் இவ்வளவுதான், அவர் கையில் எப்போதும் ஒரு காப்பிக் கோப்பை இருக்கும், அதிலிருந்து அவர் ஒரு வாய் குடித்து நான் பார்த்ததில்லை, ஐந்து மணிக்கு ஊற்றிய காப்பி ஆடை படிந்து, ஆறி, ஊற்றிய அளவு குறையாமல் எட்டு மணிக்குச் சமையலறைக்குத் திரும்பிப் போகும், டிங், நான் குறைக்கிறேன், இன்னும் குறைக்கிறேன், என்னா மேன், பியானோவ எங்க கொண்டுபோய் ஒளிச்சே, என்கிறது ஒரு குரல், லாபியில் இந்தக் குரல் இருக்க வழியில்லையே என்று நிமிர்ந்தால் டெஸ்மண்ட், தன்னைவிட உயரமான தந்தி வாத்தியம் டபுள் பேஸைக் கல்யாணப் புகைப்படத்தில் மனைவியைப் பிடிப்பதுபோல் தோளோடு பிடித்துக்கொண்டு முறைக்கிறான், தூண் இல்லை, கோப்பை இல்லை, சாலிகிராமத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம், புதன்கிழமை, காலை பதினொரு மணி, எனக்கு எழுபத்து நான்கு வயது.

சனிக்கிழமை டெஸ்மண்ட் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் நகரத்துக்குப் போகிறான், மகள் வீட்டுக்கு, திரும்புவதற்கு டிக்கெட் எடுக்கவில்லை, ஆக புதன், வியாழன், வெள்ளி, மூன்று பகல்கள், அதற்குள் எட்டுப் பாட்டு, பியானோ, பேஸ், டிரம்ஸ், மூவர் மட்டும், ஆல்பத்தின் அட்டையில் முதல் முறையாக என் பெயர், இதுவரை என் வாசிப்பு எதிலும் என் பெயர் வந்ததில்லை, சினிமாவில் கதாநாயகி மாடிப்படியில் உருண்டு விழும்போது கூடவே உருளும் பியானோ நான்தான், நாற்பத்து மூன்று படங்களில் நாற்பத்து மூன்று பேரை உருட்டியிருக்கிறேன், ஒருத்திக்கும் பெரிய அடி கிடையாது, ஒருத்திக்கு மட்டும் ஞாபகம் போயிற்று, அது கதைக்குத் தேவைப்பட்டது, அதற்கு முன்னால் பெரம்பூரில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நடனங்களுக்கு டெஸ்மண்டும் நானும் வாசித்தோம், அங்கிருந்த பியானோவில் கறையான் வெள்ளைக் கட்டைகளை மட்டும் தின்றுவிட்டது, ஒரு மழைக்காலம் முழுக்கக் கறுப்புக் கட்டைகளிலேயே வாசித்தேன், ஆடியவர்கள் கவனிக்கவில்லை, கறையானுக்கு மட்டும் கொஞ்சம் மனவருத்தம் இருந்ததாகக் கேள்வி, அந்த நாளில் நான் வாசித்தால் இன்ஸ்டிட்யூட் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும், ஸ்டேஷனில் நிற்கிற ரயில் சிக்னல் விழுந்துவிட்டது என்று கிளம்பும், டெஸ்மண்டுக்கு அந்த வாசிப்புதான் ஞாபகம், அதைக் கேட்டுக்கொண்டு பெர்த்துக்குப் போகத்தான் அவன் பேஸை உறைக்குள் போடாமல் வைத்திருக்கிறான்.

மாஸ்டர், இன்னொரு வாட்டி போலாமா, என்கிறாள் எப்சிபா, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிரம்ஸுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள், வியாசர்பாடிக்காரி, நாற்பத்தைந்து வயது, அப்பாவின் பேண்டு செட்டில் பத்து வயதில் டிரம் தூக்கியவள், கல்யாணமும் சாவும் ஒரே சட்டையில் வாசித்தவள், போகலாம் என்கிறேன், போகிறோம், முதல் வரி நன்றாக இருக்கிறது, இரண்டாவது வரியில் டெஸ்மண்ட் சிரிக்கிறான், எப்சிபா வலது கைப்பக்கம் தண்டில் நிற்கும் பெரிய வெண்கல வட்டுக்கு, சிம்பலுக்கு, வருகிறாள், ஜாஸுக்கு நடப்பதற்குக் கால் அதுதான், டிங், டிங்கடி, டிங், அதன் நடுக்குமிழில் குச்சி படுகிறது, என் கைகள் எங்கேயோ போய்விடுகின்றன, கேட்கிறது, எனக்கே கேட்கிறது, பக்கத்து வீட்டில் யாரோ பியானோவைத் துணியால் துடைப்பதுபோல் ஒரு சத்தம், ஒலிப்பதிவு செய்கிற தணிகைவேல் ஒலிவாங்கியை இன்னும் அருகில் தள்ளிவைக்கிறார், பிறகு இன்னொன்று வைக்கிறார், மூன்றாவதைப் பியானோவுக்கு உள்ளேயே இறக்குகிறார், ஐயா, இதுக்கு மேல நான்தான் உள்ள போய் உக்காரணும் என்கிறார்.

புதன் போயிற்று, வியாழன் போயிற்று, வீட்டில் கைகளைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வயசாயிடுச்சு என்று கைகளிடமே சொன்னேன், சுடுதண்ணீரில் என் வலது சுண்டுவிரல் ஒரு மீனைப்போல அசைந்தது, லாபியின் நடுவில் ஒரு மீன்தொட்டி இருந்தது, அதன் பக்கத்தில் ஒரு கூண்டில் கிளி, குருவில்லாவின் கரண்டிச் சத்தத்தைக் கற்றுக்கொண்டு நாள் முழுக்க டிங், டிங் என்றது, அந்தக் கிளி இருந்த வருடம் நான் அவ்வளவு மெதுவாக வாசித்தேன், பியானோ அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைத்து மேலே பூச்சாடி வைத்தார்கள், செய்தித்தாள் வைத்தார்கள், ஒரு அம்மாள் தூங்குகிற குழந்தையையே படுக்கவைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள், நான் வாசித்துக்கொண்டேதான் இருந்தேன், குழந்தை விழிக்கவில்லை, அது இன்றைக்குக் குடிநீர் வாரியத்தில் எஞ்சினியர், நல்ல தூக்கம் என்று சொல்கிறார்கள், டெஸ்மண்டிடம் போனில் சொன்னேன், வேற யாரையாவது கூப்பிட்டுக்கோடா, எனக்கு முடியல, அவன், நான் ஆஸ்திரேலியா போய் உன் பேரச் சொல்லி எத்த மேன் காட்றது, படியில உருளுற பொம்பளயவா, என்று வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை, கையில் இருந்தது இந்த ஒரு பகல்தான், பதிவு தொடங்குமுன் டீ வந்தது, நான் கறையான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், பதற்றமாக இருந்தால் எனக்கு வாய் நீளும், கறையான் மனம் வருந்துகிற இடத்துக்கு வந்தபோது டெஸ்மண்ட் சர்க்கரை போட்டுக் கலக்கினான், கரண்டி கண்ணாடித் தம்ளரில் ஒரு தரம் பட்டது, பிறகு இன்னும் இரண்டு தரம், எப்சிபா டீயைக் கீழே வைத்தாள், மாஸ்டர், ஏன் நிறுத்திட்டீங்க, என்றாள், நான் எங்கம்மா நிறுத்தினேன், என்றேன், இல்ல, மொதல்ல கொரலு கொறஞ்சிச்சி, அப்பால நின்னே போச்சி, பெரிப்பா, நீ இன்னொரு தபா கலக்கு, டெஸ்மண்ட் கலக்கினான், டிங், கறையான் பாவம், என்று நான் தொடங்கியது பாவத்திலேயே கிசுகிசுப்பாகிவிட்டது, எனக்குக் காது சூடாயிற்று, எப்சிபா எழுந்து போய்க் குச்சியால் சிம்பல் குமிழை லேசாகத் தொட்டாள், டிங், அதே சுருதி, கோப்பையின் விளிம்பேதான், இரண்டு நாளாக அவள் ஒவ்வொரு வரியிலும் எனக்குச் சத்தத்தைக் குறை, குறை என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், நானும் நல்ல ஊழியன்போலக் கீழ்ப்படிந்துகொண்டிருந்திருக்கிறேன், எங்க ஊட்டு நாய்க்குகூட இவ்ளோ பழக்கம் வரல மாஸ்டர், நாலு வருசமா சொல்லிக்குடுக்கிறேன், என்றாள், கேலி இல்லை, வியப்பாகத்தான் சொன்னாள், அப்போதுதான் நான் குருவில்லாவைச் சொன்னேன், தூணைச் சொன்னேன், ஒரு தட்டு, இரண்டு தட்டு, முப்பத்தோரு வருடம், சொல்லச் சொல்ல அது என் வாயில் பொய்போல இருந்தது, நான் சொன்னதிலேயே அது ஒன்றுதான் சுத்தமான நிஜம்.

அப்ப சிம்பல தூக்கிடலாம், வெறும் தோலுல வாசிக்கிறேன், எனக்கு ஒண்ணும் இல்ல, என்று எப்சிபா திருகைக் கழற்றவே ஆரம்பித்தாள், டெஸ்மண்ட் மறுத்துத் தலையசைத்தான், சிம்பல் இல்லாம எங்க மேன் போறது, அதுக்கு நான் இப்பவே ஏர்போர்ட்டுக்குப் போயி உக்காந்துக்கிறேன், தணிகைவேல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கடிகாரத்தைப் பார்த்தார், நான் எழுந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், நடந்தால் தூண்கள் வருகின்றன, ஒன்று, இரண்டு, மூன்றாவதன் அருகே அவர் நிற்கிறார், நான் வேலையை விடுகிற அன்று, லாபி காலி, மிஸ்டர், என்கிறார் குருவில்லா, முப்பத்தோரு வருடத்தில் முதல் முறையாகக் கரண்டி இல்லாமல் பேசுகிறார், நிங்கள் வாசிக்கும்போது எனக்கு எந்த கெஸ்ட் எந்த ரூம் என்று மறந்துபோகும், ஒருநாள் ஒரு நீதிபதியைக் கொண்டுபோய்ச் சலவை அறையில் விட்டேன், அதுகொண்டுதான் தட்டினது, பதுக்கெ, பதுக்கெ, மெதுவாக என்று, இல்லையென்றால் என் ஜோலி போயிருக்கும், கெஸ்ட் யாரும் ஒருநாளும் குறைக்கச் சொன்னதில்லை, எனக்குத்தான் கேட்டுத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான், பாதிக்கு மேல் ஒரு பாட்டும் நான் கேட்டதில்லை மிஸ்டர், கோப்பையை நீட்டிப் பிடித்திருக்கிறார், காப்பியில் ஆடை நடுங்குகிறது, இதை நான் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது, டெஸ்மண்ட் பேஸின் கழுத்தில் தாடையை வைத்துக்கொண்டு, பொய் மேன், அந்த ஆளு நீ வேலைய விடுறதுக்கு ரெண்டு வருசம் முன்னயே செத்துப்போயாச்சு, மாலை நான்தானே வாங்கியாந்தேன், என்றான், அப்படியா என்றேன், யோசித்துப் பார்த்தால் மாலை ஞாபகம் வருகிறது, சாமந்தி, அவன் பேரம் பேசினான், அப்படியானால் இதைச் சொன்னது யார், சலவை அறையில் நின்ற நீதிபதியை நான் இவ்வளவு தெளிவாகப் பார்க்கிறேனே, மூக்குக் கண்ணாடி ஆவி படிந்திருக்கிறது.

எப்சிபா, சிம்பல் இருக்கட்டும், என்றேன், நடுக்குமிழிலேயே அடி, எனக்காகக் குறைக்காதே, உட்கார்ந்தேன், எண்ணினாள், ஒன், டூ, போனோம், டிங், கைகள் செருப்பைக் கழற்றக் குனிகின்றன, எனக்குத் தெரிகிறது, இந்த முறை தெரிகிறது, இடது கையை விட்டுவிட்டேன், போ, நீ வேலைக்காரன், அவருக்கு மரியாதை கொடு, அது கிசுகிசுப்பாகக் கீழே போயிற்று, வலது கையை மட்டும் போகவிடவில்லை, டிங், இடது குறைகிறது, வலது ஏறுகிறது, டிங், இடது வாயைப் பொத்திக்கொள்கிறது, வலது பெரம்பூர் ஜன்னல்களைத் தேடிப் போகிறது, டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டு, அட, அட, என்கிறான், அது ஒலிப்பதிவிலும் இருக்கிறது, ஒரு பாட்டு, அடுத்தது, அடுத்தது, சாப்பிடவில்லை, எட்டாவது பாட்டின் முடிவுக்கு எப்சிபா வழக்கம்போலக் கடைசியில் இரண்டு தட்டு வைத்திருந்தாள், டிங், டிங், பேஸ் நின்றது, டிரம்ஸ் நின்றது, இரண்டு தட்டு என்றால் நிறுத்து, என் வலது கை நிறுத்தவில்லை, குருவில்லா கேட்காமல் விட்ட பாதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்துக்கொண்டிருந்தது, எவ்வளவு நேரம் தெரியாது, தணிகைவேல் பதிவை நிறுத்தாமல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார், தன் கார் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதை அன்று மாலை அவர் மறந்துவிட்டார், கடைசியில் டெஸ்மண்ட்தான் என் தோளைத் தொட்டான், போதும் மேன், எனக்கு நாளைக்கு பிளைட்டு, அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னதால் நான் நிறுத்தினேன்.

பெர்த்திலிருந்து டெஸ்மண்டின் போன் வந்தது, அங்கே எங்கள் பதிவைப் போட்டிருக்கிறான், அவன் மகள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாளாம், இவன் கூட்டினானாம், அப்போது கேட்டான், கடைசிப் பாட்டு முடிஞ்சப்புறம் ஒரு சத்தம் வருதே, எப்சிபாவா, அவள் இல்லை, குச்சிகளை அப்போது மடியில் வைத்துவிட்டாள், தணிகைவேலும் அதை என்னிடம் கேட்டார், ஐயா, கடைசி சுரம் அடங்கினதும் யாரோ எதையோ தட்டியிருக்காங்க, வெட்டிடட்டுமா, வேண்டாம், இருக்கட்டும் என்றேன், கேட்டுப் பாருங்கள், பியானோ ஓய்ந்து, டெஸ்மண்ட் மூக்கை உறிஞ்சி, கூடம் அமைதியாகிறது, மூன்றாவது தூணருகே, டிங், என் விரல்கள் மடியில் அசையாமல் கிடக்கின்றன, அந்தக் கரண்டி விளிம்பைத் தட்டவில்லை, உள்ளே போயிருக்கிறது, சர்க்கரையைக் கலக்குகிறது, பிறகு, காதைக் கிட்டத்தில் வைத்தால், ஒரு வாய் காப்பி உறிஞ்சுகிற சத்தம்.