சிலையைக் குளிப்பாட்டிய கோடை

ரூத்துக்கு அந்த வெண்கலப் பெண்ணைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. கையில் விளக்கை ஏந்தி, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, உதட்டோரம் சிரிப்பு வேறு. சிரிக்க மாட்டாளா பின்னே? வாரக்கணக்காக ஒருத்தி தன்னைச் சம்பளமில்லாமல் குளிப்பாட்டுகிறாளே!

எண்பத்தொன்பதாம் வருஷக் கோடை அது. திருச்சுழியில் கோகிலாம்பாள் பருத்தி மூட்டை அடுக்கும் தன் பழைய கிட்டங்கியைக் கலைக்கூடமாக்கி, காலஞ்சென்ற கணவர் வாங்கிச் சேர்த்த சிலைகளையும் ஓவியங்களையும் அதில் வைத்திருந்தார். அவற்றை ஆராய்ந்து செப்பனிட மெட்ராஸிலிருந்து விஞ்ஞானி சுபத்ரா வந்திருந்தார். அருப்புக்கோட்டையில் வேதியியல் படிக்கும் ரூத்தும் தீபலட்சுமியும் அவரிடம் பயிற்சி மாணவிகள். கொடுத்த வேலையை முடித்துக் காட்டுபவரை மெட்ராஸ் ஆய்வுக்கூடத்துக்கே பயிற்சிக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார் சுபத்ரா. அன்றிலிருந்து ரூத்துக்குத் தூக்கத்திலும் மெட்ராஸ்தான்.

தீபலட்சுமிக்கு வாய்த்தது ஓர் ஓவியம். அதில் பூசியிருந்த பச்சை எதனால் ஆனது என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு அவள் காலாட்டிக்கொண்டிருந்தாள். ரூத்துக்கு வாய்த்ததோ இந்த விளக்குக்காரி. உடம்பெல்லாம் வெளிர்பச்சைப் பொடி. உப்பு உள்ளே புகுந்து வெண்கலத்தை அரிக்கிற நோய் அது. சிலையை மருந்துக் கரைசலில் ஊறவைத்து, மதுரையிலிருந்து பஸ்ஸில் கேன் கேனாக வரும் டிஸ்டில்டு வாட்டரில் அலச வேண்டும். அலசிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால், உப்பு இருக்கிறவரை அது பாலாக வெளுக்கும். எப்போது வெளுக்கவில்லையோ அப்போதுதான் சிலை குணமானதாகக் கணக்கு.

எங்கே! முதலில் குறைந்துகொண்டே வந்த வெள்ளை, ஓர் இடத்தில் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. எத்தனை முறை அலசினாலும் அதே வெள்ளை.

"உன் கைதாம்மா காரணம். வேர்வைக் கையோட தொடுற" என்றார் சுபத்ரா.

ரூத் தோல் உரியச் சோப்புப் போட்டாள். கையுறை மாட்டிக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஊறுகாயைத் தொடுவதையே நிறுத்தினாள். "ஏடி, உப்புப் போட்டுச் சோறு திங்கிறதையும் விட்டுறாதடி!" என்று தீபலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். வெள்ளை அசையவில்லை.

"நாளைக்கு நான் கெளம்புறேன். அதுக்குள்ள முடியலைன்னா சிலையை நானே கொண்டுபோய்ப் பாத்துக்கிறேன். நீ வீட்டுக்குப் போகலாம்" என்று வெள்ளிக்கிழமை காலையில் சுபத்ரா சொல்லிவிட்டார்.

ரூத்துக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. போற உயிர் எப்படிப் போனால் என்ன என்று, சிலையையே காணாத தண்ணீரை, திறந்திருந்த கேனிலிருந்து பிடித்து ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்டை விட்டாள். வெளுத்தது! உடனே, மூடியில் சீல் உடையாத புதுக் கேனைத் திறந்து அதிலும் ஒரு சொட்டு விட்டாள். துளிக்கூட வெளுக்கவில்லை. அடப்பாவிகளா, அப்படியென்றால் கேனைத் திறந்த பிறகு எவரோ உப்பைக் கலக்கிறார்கள்!

யாராக இருக்கும் என்று மண்டையைக் குடைந்துகொண்டே மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாள். கலைக்கூடத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் கோகிலாம்பாள் வீட்டில்தான் சாப்பாடு. சுபத்ரா இரண்டாவது தடவை பருப்பு வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னமா வெந்திருக்கு! வந்த புதுசுல கல்லு மாதிரி இருந்துச்சே" என்றார்.

ரூத்தின் கை இலையிலேயே நின்றுவிட்டது. இந்த ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரில் பருப்பு இப்படி வேகாதே! கேட்டால் வீட்டுக்காரியைக் குற்றவாளி ஆக்குவது. கேட்காவிட்டால் மெட்ராஸ் போயே போச்சு. சோறு போட்டவளிடம் எப்படிக் கேட்பது என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"பெரியம்மா, இந்தப் பருப்பு எந்தத் தண்ணில வெந்துச்சு?"

"அதையேன் கேக்குற! எங்க கெணத்துத் தண்ணியில பருப்பு சென்மத்துக்கும் வேகாது. நீங்க கேன்ல வச்சிருக்கீகளே, அது அமிர்தம். தெனமும் காலையில ஒரு கொடம் எடுத்துக்கிருவேன்." கோகிலாம்பாள் பெருமையாகச் சிரித்தார். "அதுக்காக உங்களுக்குக் கொறையவிட்டுருவனா? எடுத்த அளவுக்குக் கெணத்துத் தண்ணிய ஊத்தி வச்சிருவேன்ல!"

"பெரியம்மா! அது உப்புத் தண்ணியாச்சே!"

"செலை கழுவத்தானத்தா? குடிக்கிற தண்ணியில யாராச்சும் கழுவுவாகளா?"

குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைகிற இந்தப் பக்கத்தில் அதுதான் நியாயம். ரூத்தின் வீட்டிலும் அதுதானே வழக்கம்! சுபத்ராவின் வாய்க்குப் போன பருப்பு பாதி வழியில் நின்றது. தீபலட்சுமி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் தாவணியில் புதைத்துக்கொண்டாள்.

விஷயம் புரிந்ததும் கோகிலாம்பாளின் முகம் சுருங்கிப்போனது. "ஆத்தாடி, நானா இந்தப் புள்ள பொழப்பைக் கெடுத்தேன்?"

"ஒண்ணும் கெடல பெரியம்மா. இன்னும் பொழுது இருக்கு" என்று ரூத் இலையை மடக்கிவிட்டு எழுந்து ஓடினாள்.

சாயங்காலம்வரை புதுக் கேன் தண்ணீரில் சிலையை ஊறவைத்து, மாற்றி, மறுபடியும் ஊறவைத்தாள். முதலில் லேசாக வெளுத்தது. அடுத்து, வெளுத்ததா இல்லையா என்று சந்தேகப்படுகிற மாதிரி. கடைசித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்தபோது எல்லோரும் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். சொட்டு விழுந்தது.

கோகிலாம்பாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாயையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னத்தா, ஒண்ணுமே ஆகலையே!"

"ஆமா பெரியம்மா, ஒண்ணுமே ஆகல!" என்று கத்திய ரூத், ஈரக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.