பெருங்காயம் குறைந்த ரசம்

பஞ்சு ரசம் வைத்தால் தெருமுனையிலேயே தெரியும் என்பார்கள். வாஸ்தவம்தான். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை வரை, கல்யாணமோ சீமந்தமோ, பந்தலுக்குள் நுழைகிறவர் மூக்கில் முதலில் வந்து மோதுவது சந்தனமோ மல்லிகையோ அல்ல, பஞ்சுவின் பெருங்காயம். கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டு ஓய்வுபெற்ற அதிகாரிகள் அதற்கு வியாக்கியானம் செய்வார்கள். ஒருவர் அதை வேதகாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். ரிட்டையர்டு ஜட்ஜ் ஒருவர், பஞ்சு பெருங்காயத்தைப் பசும்பாலில் மூன்று நாள் ஊறப்போடுவதாகத் தீர்ப்பே சொல்லிவிட்டார். சமையல் காண்டிராக்டர் சுந்தர்ராமனோ 'ஐந்து தலைமுறைப் பெருங்காய ரகசியம்' என்று பேனர் அடித்துவிட்டார். பஞ்சுவின் அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, தாத்தா தபால்காரர். மீதித் தலைமுறைகளை சுந்தர்ராமன் எங்கிருந்து பிடித்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

ரகசியம் ஒன்று இருந்தது உண்மை. அதன் வயது பன்னிரண்டு வருஷம்.

சுந்தர்ராமன் சமையற்கட்டில் ஒரு நியமம் உண்டு. சுவாமிக்கு நைவேத்தியமாகி, முதல் பந்தி சாப்பிட்டு எழுகிறவரை சமைக்கிறவர் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. உப்பா, புளியா, எல்லாம் மூக்குதான் சொல்ல வேண்டும். ஆவிக்கு நேராக முகத்தை நீட்டி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாகப் பஞ்சு அப்படி முகத்தை நீட்டியது சுத்த நடிப்பு. விடியற்காலையிலேயே அரைக் குவார்ட்டர் உள்ளே போன மனிதருக்கு மூக்கு வெறும் அலங்காரம். கை தன் பழக்கத்துக்கு உப்பை அள்ளியது, புளியைக் கரைத்தது. பிராந்தி வாடைதான் எந்தப் பழக்கத்துக்கும் கட்டுப்படவில்லை. விபூதியும் பூணூலுமாக நிற்கிறவரிடமிருந்து அந்த வாடை வந்தால் சம்பந்திகள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதனால் காய்ந்த நெய்யில் பெருங்காயத்தை அள்ளிப் போட்டார். யாராவது பக்கத்தில் வந்தால் இன்னொரு கட்டி. ஊர் அதற்குக் கைமணம் என்று பெயர் வைத்தது.

சித்திரைக் கடைசியில் பஞ்சு குடியை நிறுத்தினார். ஞானோதயமெல்லாம் இல்லை. ஒருநாள் மத்தியானம் போதை தெளியாமல் படுத்திருந்தபோது, மனைவி ஜயலக்ஷ்மி பக்கத்து வீட்டாரிடம் பேசுவது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. "அவர் இருந்தவரைக்கும் வீட்டுல பாட்டு கேட்டுண்டே இருக்கும்" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று யோசித்தார். தன்னைத்தான் என்று புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. மறுநாளே பாளையங்கோட்டை டாக்டர் ஒருவரிடம் போனார். அவர் பத்து நாள் படுக்கவைத்து, மாத்திரை கொடுத்து, கை நடுக்கத்தை அடக்கி அனுப்பினார்.

அப்புறம் நடந்ததையெல்லாம் எந்த டாக்டரும் சொல்லி அனுப்பவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் இருக்கும் என்று பஞ்சுவுக்குத் தெரியாது. காலை நாலரைக்கு முழிப்பு வந்தது. ஆற்றில் குளித்து, ஜபம் முடித்து, தேங்காய் துருவிக் கொடுத்து, செய்தித்தாளில் ஏல விளம்பரம் வரை படித்தபிறகும் மணி ஏழரைதான். வெல்லத்தைக் கண்டால் கை சும்மா இருக்கவில்லை. கனவில் குடித்துவிட்டு, விடிந்ததும் ஜயலக்ஷ்மியிடம் மன்னிப்புக் கேட்டார். முகத்து வீக்கம் வடிந்து தாடை எலும்பு வெளியே வந்தது. குடித்து விழுந்த நாட்களில் ஒரு வார்த்தை கேட்காத தெரு, இப்போது வழிமறித்து, "சுகர் கிகர் இருக்கா?" என்று கவலைப்பட்டது. ஜயலக்ஷ்மி காபியை நீட்டும்போது வாடைக்குப் பயந்து மூக்கை லேசாகச் சுருக்குவாள். முப்பத்தேழாம் நாள் சுருக்கவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் மூக்கு வந்து சேர்ந்தது.

வண்ணார்பேட்டையில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி. வழக்கம்போல் நெய்யில் பெருங்காயத்தை அள்ளிப் போட்டார். குப்பென்று எழுந்த வாசனை மண்டையில் அடித்தது. இதையா இத்தனை வருஷம் ஊர் சப்புக்கொட்டிக் குடித்தது என்று திகைத்தார். திகைப்பு முடிவதற்குள் வாயில் எச்சில் ஊறியது. பன்னிரண்டு வருஷமாக அந்த வாசனையும் பிராந்தியும் ஜோடி. ஒன்று வந்ததும் இன்னொன்று எங்கே என்று உடம்பு கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டுக் கால்கள் பின்வாசலைத் தாண்டி நடந்தன.

வாசலில் ஹபீப் முகம்மது லோடு ஆட்டோவிலிருந்து அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார். மேலப்பாளையத்தில் பாத்திர வாடகைக் கடை வைத்திருப்பவர்.

"அடுப்பு எரியுது, நீங்க பாட்டுக்கு எங்க சாமி போறீய?"

"சும்மா... வெத்தலை வாங்க."

"நீங்க வெத்தல போட மாட்டீயளே. போற பாதையில வெத்தலக் கடையும் கெடையாதே." ஹபீப் குறுக்கே வந்து நின்றார். "எத்தன வாட்டி உங்கள இந்த ஆட்டோல அண்டாவோட அண்டாவா உருட்டிட்டுப் போயி வீட்டுல எறக்கிருக்கேன். அண்டா எதுவும் வாந்தி எடுக்கல பாத்துக்கிடுங்க."

பஞ்சுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கால் நின்றது. "காயம் பொரியற வாசனை வந்தா நாக்கு தானா கேக்கறது, பாய்."

"அப்ப காயத்த விட்டுருங்க."

"ஊர் விடாதே."

"ஊரா வந்து உங்க வீட்டுல கவுந்து கெடக்கு?"

பஞ்சு திரும்பிப் போய், பொரித்ததை அப்படியே வெளியே கொட்டினார். ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தைத் தண்ணீரில் கரைத்து விட்டு, ரசத்தை இறக்கினார்.

மறுநாள் சுந்தர்ராமன் வீட்டுக்கே வந்துவிட்டார். கோயில் கமிட்டி உறுப்பினர், ஆசாரத்தைப் பற்றி மார்கழியில் ஏழு நாள் சொற்பொழிவு செய்கிறவர். ஜவ்வாது வாடை அவருக்கு முன்னால் படியேறியது.

"என்ன வே, நேத்து வச்சது ரசமா வெந்நீரா? ஜட்ஜ் மாமா ரெண்டாந்தரம் வாங்கிக்கவே இல்லை."

"நன்னாத்தானே இருந்தது?"

"நன்னா இருக்கறது யாருக்கு வேணும்? பஞ்சு ரசமா இருக்கணும். ஆனிக் கடைசி முகூர்த்தம், அம்பாசமுத்திரம், அறுநூறு எலை. பொண்ணோட அத்தை பெங்களூர்லேருந்து உம்ம ரசத்தைப் படம் பிடிக்கவே வரா. பழைய ரசம் வைக்கறதா இருந்தா வாரும். இல்லேன்னா சொல்லிடும், நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "அது... உள்ள போனாத்தான் உமக்குக் கை ஓடறதுன்னா, மருந்து மாதிரி கொஞ்சம் எடுத்துக்கும். நான் பாக்கலை. வித்வான்களுக்கு அதெல்லாம் சகஜம்."

பன்னிரண்டு வருஷமாக இவருக்குத் தெரியும் என்பது பஞ்சுவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் போனதும் ஜயலக்ஷ்மி உள்ளிருந்து வந்தாள். "வேலை போனா இட்லி மாவு அரைச்சு வித்துப்பேன். நீங்க மறுபடி வந்து விழுந்தேள்னா, மாவு அரைக்கக்கூட எனக்குத் தெம்பு கிடையாது. பாத்துக்கோங்கோ."

அறுபத்திரண்டாம் நாள், அம்பாசமுத்திரம் மண்டபம். பஞ்சு நெய்ச்சட்டிப் பக்கமே போகவில்லை. தண்ணீரில் கரைத்த பெருங்காயம் கொஞ்சமாக விட்டார். அண்டாவின் ஆவியில் முகத்தை நீட்டி இழுத்தார். தக்காளி தனியாக வந்தது, மிளகு தனியாக வந்தது, கொத்தமல்லி எல்லோருக்கும் கடைசியாக வந்தது. உப்பு ஒரு கை குறைவு என்று மூக்கு சொன்னது. போட்டார். மறுபடி இழுத்தார். சரியாக இருந்தது. இதை இனி எந்தக் கொம்பன் வந்து சொன்னாலும் மாற்றுவதில்லை என்று கரண்டியை அண்டாவின் மேல் வைத்தார்.

முதல் பந்தி பாதியிலேயே முணுமுணுப்பு கிளம்பியது. "என்ன ஓய், வாசனையையே காணும்?" சுந்தர்ராமனுக்கு வியர்த்தது. முணுமுணுப்பை அமுக்க நினைத்தோ என்னவோ, பெண்ணின் அத்தை மஹாலக்ஷ்மியைச் சமையற்கட்டுக்கே அழைத்து வந்தார். அந்த அம்மாள் பாரம்பரிய உணவு பற்றி இணையத்தில் சேனல் நடத்துகிறவள். செல்போனைக் குச்சியில் செருகி உயர்த்திப் பிடித்திருந்தாள். பின்னாலேயே ஜட்ஜ் மாமாவும், இன்னும் பத்துப் பேரும்.

"அஞ்சு தலைமுறை ஞானம், இவர் வாயாலேயே கேளுங்கோ" என்றார் சுந்தர்ராமன்.

"மாமா, அந்தப் பெருங்காயத்துக்குப் பின்னால இருக்கற தத்துவத்தை எங்க நேயர்களுக்குச் சொல்லுங்கோ" என்றாள் மஹாலக்ஷ்மி.

பஞ்சு நிமிர்ந்தார். பொய் ஒன்று தயாராகவே இருந்தது. பசும்பால் என்றால் போதும், ஜட்ஜே சாட்சி. ஆனால் சொன்னால் நாளைக்கு நெய்ச்சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டும். நாளன்றைக்கும்.

"அதுக்குப் பின்னால பிராந்திதாம்மா இருந்தது" என்றார்.

செல்போன் ஆடியது.

"காலம்பறயே குடிச்சுட்டு வந்து நிப்பேன். வாடை தெரியாம இருக்கணுமேன்னு காயத்தை அள்ளிக் கொட்டுவேன். பன்னண்டு வருஷம். இப்ப விட்டு அறுபத்திரண்டு நாளாச்சு. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. அதனால காயம் ரசத்துக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான்."

"தமாஷ்! பஞ்சு எப்பவும் தமாஷ்!" என்று சுந்தர்ராமன் கையைத் தட்டினார். கூட யாரும் தட்டவில்லை.

"தமாஷ் இல்லை. உமக்குத்தான் தெரியுமே. அன்னிக்கு வீட்டுக்கு வந்து மருந்து மாதிரி எடுத்துக்கச் சொன்னீரே."

சுந்தர்ராமன் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார், வெகு நேரம் துடைத்தார். ஜட்ஜ் மாமா தொண்டையைக் கனைத்து, "எனக்கு ஆரம்பத்துலேருந்தே ஒரு சந்தேகம் இருந்தது" என்றார். பின்வாசலில் ஹபீப் முகம்மது துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

மஹாலக்ஷ்மி செல்போனைத் தாழ்த்தினாள். ஒரு டம்ளரில் ரசத்தை வாங்கி, ஊதி, நின்றபடியே குடித்தாள். டம்ளரை மறுபடி நீட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் சுந்தர்ராமன் பல்லைக் கடித்தார். "மானத்த வாங்கிட்டீரே வே! நாளைக்கு எவன் உம்மைக் கூப்பிடுவான்?"

"கூப்பிடறவா கூப்பிடட்டும். இனிமே நான் வைக்கற ரசம் இதுதான். நீர் வேற ஆள் பாக்கறதுன்னா பாரும், எனக்கு வருத்தமில்லை." பஞ்சு வாளியை எடுத்து ரசத்தை மொண்டார். "ஆனா ரெண்டாம் பந்தி உக்காந்தாச்சு. சாம்பார் போயாச்சு. பரிமாறற பசங்க எல்லாம் இந்தக் கதையை வாசல்ல சொல்லிண்டிருக்கா."

கூடத்திலிருந்து நாலைந்து குரல்கள் சேர்ந்து ரசம் கேட்டன. சுந்தர்ராமன் வாசலைப் பார்த்தார், பஞ்சுவைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் மயில்கண் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

"பையப் போம் வே, கொதிக்கறது" என்றார் பஞ்சு.