மிஞ்சிய நீளம்

அது இரண்டாயிரத்து மூன்றா, நான்கா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மழை பெய்ததாக ஒரு ஞாபகம். திண்டுக்கல்லில் ஏப்ரலில் ஏது மழை, அதுவும் பிசகாக இருக்கலாம். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் இருந்த டெய்சிக்கு மெக்கானிக்ஸ் தாளில் அரியர் இருந்தது மட்டும் நிச்சயம். இந்த முறையும் போனால் மூன்றாம் ஆண்டு வகுப்பில் உட்கார விடமாட்டார்கள். தோழி தீபா மேலே போய்விடுவாள். இவள் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

பள்ளியிலிருந்தே டெய்சிக்கு ஒரு பழக்கம். கணக்கைப் பார்த்ததும் இடப்பக்கம் ‘கொடுக்கப்பட்டவை’ என்று எழுதி எல்லா எண்களையும் இறக்கிவிடுவாள். பயன்படுத்திய எண்ணுக்கு ஒரு டிக். டிக் விழாமல் ஏதாவது மிஞ்சினால் விடை தப்பென்று முடிவுகட்டி, அதையும் எங்காவது பெருக்கிவிடுவாள்.

காலி வகுப்பறையில் ஒருநாள் தீபா இதைப் பார்த்துவிட்டாள். அவள் கொங்குப் பக்கத்துத் தொப்பம்பட்டிக்காரி.

“ஏனுங்க டெய்சி மேடம், குடுத்ததையெல்லாம் போட்டே ஆகோணும்னு யாருங்க சொன்னது?”

“பின்ன எதுக்குடி குடுக்குறாங்க? எங்க வீட்ல தட்டுல வெஞ்சனம் மிஞ்சினாலே அம்மா வையும்.”

“அதான் கணக்கையும் வழிச்சுத் திங்கறே. கேள்வியைப் படிச்சுப்போட்டுத் தாளைக் கவுத்து வை. படம் போடு. எது தள்ளுது, எது இழுக்குதுன்னு அம்பு போடு. படம் கேக்கறதை மட்டும் எடுத்துக்கோ.”

“மிச்சம் இருந்தா?”

“இருந்துட்டுப் போகுது. உனக்கென்ன?”

அதற்குப் பிறகு சாயங்காலம்வரை டெய்சி படமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தேர்வில் வந்தது, மெல்லச் சாய்த்துக்கொண்டே போகும் ஒரு பலகை. அதன்மேல் ஒரு பெட்டி. பெட்டியின் எடை, பலகையின் நீளம், உராய்வின் அளவு மூன்றும் கொடுத்திருந்தார்கள். எந்தச் சாய்வில் பெட்டி வழுக்கத் தொடங்கும்?

தாளைக் கவிழ்த்தாள். வரைந்தாள். எடை சமன்பாட்டின் இருபுறமும் வந்து அடிபட்டுப்போனது. உராய்வு ஒன்றே போதுமாக இருந்தது. விடை ஒரே வரியில் முடிந்தது. நீளம் மிஞ்சியது.

கை பெருக்கப் போனது. பேனாவை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். மின்விசிறி கடகடத்தது. நீளத்துக்குப் படத்தில் ஓர் அம்பாவது உண்டா என்று தேடினாள். இல்லை. அடுத்த கேள்விக்குப் போனாள்.

வெளியே, அதே அரியர் எழுதிய ராபின் பிடித்துக்கொண்டான்.

“அஞ்சு மீட்டர எங்க போட்ட?”

“எங்கயும் போடல.”

“போச்சு போ. நவம்பர்ல சேந்து எழுதுவோம்.”

அவளுக்குப் பசித்தது. டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

டெய்சி தேறினாள். மூன்றாம் ஆண்டில் அவளும் தீபாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராபின் நவம்பரில் தேறி, இப்போது சென்னையில் கட்டட வேலைகளைப் பார்க்கிறான். தீபா கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றில் சேர்ந்து அங்கேயே குடும்பமாகிவிட்டாள். டெய்சி திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்ஸ் நடத்துகிறாள்.