நடுத்தூணைத் திருப்பி நாட்டிய விவரம்

மலாயாவின் பத்து பகாட் ஆற்றோரத்தில் 1919ஆம் ஆண்டு கட்டிய மரவீட்டில் குடிபுகுந்த நாள் முதல், குமாஸ்தா வேலை பார்த்த கிராணி ஏரம்பமூர்த்தியின் ஒரே மகள் திலகம் வருடத்துக்கு இரண்டு விரற்கடை உயரம் குறைந்து வந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. முதல் வருடம் பாவாடை தரையில் புரண்டதற்குத் தாய் யோகம் தையல்காரனைத் திட்டினாள். இரண்டாம் வருடம் டாக்டர் மீன் எண்ணெய் கொடுத்தார். நான்காம் வருடம், பெஞ்சு எட்டவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். மூவாரில் உறவினர் வீட்டில் ஆறு மாதம் விட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் பிசகாமல் ஒரு விரற்கடை குறைந்தாள். அறிவு மட்டும் வயதோடு வளர்ந்தது. பத்தொன்பது வயதில் தாயின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு தகப்பனுக்கு ஆங்கிலப் பத்திரிகை வாசித்துக் காட்டினாள். அவளோடு படித்த பெண்களுக்குக் கல்யாணம் நடந்த நாட்களில் யோகம் தலைவலி என்று படுத்துக்கொள்வாள். பாவம், வேறென்ன செய்வாள்?

1931இல் கறையான் ஏறி வீடு ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டிய தச்சன் வேலுவையே கூப்பிட்டுப் பிரித்துப் பழுதுபார்க்கச் சொன்னார் ஏரம்பமூர்த்தி. ஒரு ஆணிகூட இல்லாமல், துளையும் ஆப்புமாகப் பூட்டிய வீடு பிரிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, மராமத்து இலாகாவில் புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேரை ஓர் ஓவர்சியர் அங்கே கூட்டிவந்தார். அவர்கள் உத்திரங்களுக்கு அடியில் ஊர்ந்தார்கள், தூண்களை அளந்தார்கள், ஆப்பைத் தட்டிக் கழற்றி மறுபடி மாட்டத் தெரியாமல் விழித்தார்கள். முற்றத்தில் கிடந்த நடுத்தூணைக் காட்டி, மரத்தின் வேர்ப்பக்கம் எது, தலைப்பக்கம் எது என்று ஓவர்சியர் கேட்டார். நான்கு பக்கமும் இழைத்த மெராந்தி மரத்தூண். பாதிப் பேர் ஒரு முனையைக் காட்டினார்கள், மீதிப் பேர் மறுமுனையை.

“தண்ணில போட்டா தெரிஞ்சிடுங்க. வேர்ப்பக்கம் கனம், கீழ முங்கும்,” என்றான் வேலு.

தூக்கிப்போய் ஆற்றில் மிதக்கவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் கூரையைத் தாங்கியிருந்த மேல்முனை மெல்ல முங்கியது. தூண் தலைகீழாக நின்றிருக்கிறது. வந்தவர்கள் நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொண்டார்கள். வேலு தலையைக் குனிந்துகொண்டான்.

“அன்னைக்கே அரை மணி நேரம் கேட்டேங்க, கிராணி ஐயா. மிதக்கவிட்டுப் பாத்துட்டு நாட்டலாம்னு.”

ஏரம்பமூர்த்திக்குத் தூண் நாட்டிய அந்தப் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. ஐயர் குறித்துக் கொடுத்த நேரம் பன்னிரண்டு மணிக்குள் முடிகிறது. அதன்பின் ராகு காலம். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நாட்டு நாட்டு என்று கத்தியவர் அவர்தான். பிள்ளை அந்தத் தூணடியில்தான் பாய் போட்டுப் படுத்து வளர்ந்தாள். வளர்ந்தாள் என்று சொல்வது பழக்கதோஷம்.

“நான்தான் அந்தரப்படுத்தினனான். என்ர பிள்ளையை நான்தான் இப்பிடி ஆக்கிப்போட்டன்,” என்று அத்தனை பேர் முன்னாலும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதார்.

“அழாதேங்கோ அப்பா,” என்றாள் யோகத்தின் இடுப்பிலிருந்த திலகம். “தூணைத் திருப்பி வையுங்கோ. அது காணும்.”

வேலு கறையான் தின்றதை அறுத்து, புதுத் துளை போட்டு, தூணைத் திருப்பி நாட்டினான். இந்த முறை யாரும் நேரம் பார்க்கவில்லை. அந்த வருடம் திலகம் குறையவில்லை. அடுத்த தைப்பொங்கலன்று அளந்தபோது அரை விரற்கடை கூடியிருந்தாள். யோகம் கோயிலுக்கு ஓடினாள். ஏரம்பமூர்த்தி ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தார். இழந்ததை எட்ட நாற்பத்தெட்டு வருடம் ஆகும், அதுவும் ஏழு வயது உயரத்துக்கு. அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், மனைவியிடம் சொல்லவில்லை.

1938இல் அவர் இறந்தார். திலகம் அதுவரை மூன்றரை விரற்கடை வளர்ந்திருந்தாள். ஊரும் அதற்குப் பழகிவிட்டது. வாய்க்கரிசி போட மகளை அழைத்தபோது வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். இருபத்தாறு வயது மகளை யோகம் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பிடி அரிசியோடு நீட்டிய கை தகப்பன் வாய்க்கு எட்டவில்லை. யோகம் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.