கறுப்புப் பெட்டியும் வெள்ளிப் பெட்டியும்

“இழுக்காதீங்கப்பா, தூக்குங்க! தரையில டேப்பு ஒட்டியிருக்குது, கிழிஞ்சு போயிரும்.”

சோபாவின் இரு முனைகளையும் பற்றியிருந்த அண்டை வீட்டு ஆடவர் நால்வரும் ஒருகணம் திகைத்து நின்றனர். கணவர் இறந்து மூன்று மணி நேரம் ஆகவில்லை. கூடத்தைச் சீர்செய்து அவரைக் கிடத்துவதற்காகத்தான் சோபாவை வெளியேற்றுகிறார்கள். இந்த அம்மாளோ தரையில் ஒட்டிய சிவப்பு டேப்பைப் பற்றிக் கவலைப்படுகிறாளே என்னும் வியப்பு அவர்கள் முகத்தில் தெரிந்தது. சங்கிலி ஒருவனுக்கே அது விளங்கிற்று.

“அண்ணி சொல்றாப்புல தூக்குங்க சாமி. அண்ணன் அங்குலக் கணக்கா அளந்து ஒட்டுனது. நாளைக்குச் சோபா தள்ளிக் கெடந்துச்சுன்னா மேல இருந்தே மெமோ குடுப்பாரு.”

யாரோ சிரித்து, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மாள் கனகமணிக்கும் உதட்டோரம் அசைந்தது. அதன் பின்னர்தான் அவளுக்கு அழுகை வந்தது.

ஆறுமுகசாமி நீர்மின் நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்தவர். சங்கிலி அவரிடம் உதவியாளனாய்ச் சேர்ந்து, அவரைப் பார்த்தே தொழில் பழகியவன். செய்தி கேட்டதும் கிளென்மார்கன் அணையிலிருந்து ஜீப்பைப் பிடித்து ஓடி வந்திருந்தான். அன்று காலை ஆறு மணிக்குத் தேநீர்த் தம்ளரைக் கையில் வாங்கிய ஆறுமுகசாமி, “கனகு, இன்னிக்கு அந்த மூச்சு வர்ற எடத்தை மட்டும் நாலுவாட்டி போட்டுப் பாத்தரலாம்” என்றார். பாதி குடித்தார். தம்ளரைச் சிந்தாமல் மேசைமேல் வைத்தார். பின்பு நாற்காலியில் தலையைச் சாய்த்தவர் நிமிரவேயில்லை.

இப்போது கூடத்தின் நடுவே விசுப்பலகையில் தெற்கே தலை வைத்துக் கிடந்தார். “இந்தக் குளிருக்கு ஐஸ் பெட்டி எதுக்குங்க?” என்று சங்கிலி அதை வேண்டாமென்று விட்டான். ஆள் உயர ஒலிபெருக்கிகள் இரண்டும் கால்மாட்டில் இருபுறமும் வாயிற்காவலரைப் போல நின்றன. திரைக்குக் கீழிருந்த மர அடுக்கில் படத்தட்டு ஓட்டும் பெட்டிகள் இரண்டு, ஒன்று கறுப்பு, மற்றொன்று வெள்ளி நிறம், சிறு விளக்கெரிய அருகருகே வீற்றிருந்தன. கனகமணியின் கண் அவற்றின் பக்கம் போவதும், சுட்டதுபோல் திரும்புவதுமாக இருந்தது.

அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே ஆறுமுகசாமிக்கு இவ்வாண்டின் பெரும்பணி. தம் வீட்டுத் திரையரங்குக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய்ச் சேர்த்துவிட்டார். எஞ்சியது, படத்தட்டுகளை ஓட்டுவதற்கு உயர்தரமான ஒரு பெட்டி. “இப்பெல்லாம் யாருங்கப்பா தட்டு வாங்கறாங்க? எல்லாம் நெட்டுலயே வருது” என்று மகள் ஷண்முகப்ரியா சொல்லிப் பார்த்தாள். “மழையும் மஞ்சும் சேந்து எறங்குனா இந்த ஊருல நெட்டு படுத்துக்குது கண்ணு. சண்டைக் காட்சியில பாதி அடியோட நின்னு வட்டம் சுத்துனா அது படமா? தட்டுன்னா நம்ம கையில இருக்கற பொருளு” என்பது அவர் விடை. அத்தட்டுகளில் பூஞ்சணம் படியாதிருக்க, அலமாரிக்குள் இரவும் பகலும் ஒரு சிறு பல்பை எரியவிட்டிருந்தார்.

மூன்று முறை கோயமுத்தூருக்கு இறங்கி, ரவிக்குமாரின் கடையில் அரைநாள் அரைநாளாக உட்கார்ந்து, பன்னிரண்டு பெட்டிகளை இரண்டாகக் குறைத்தார். கறுப்பு, அம்மிக்கல்லைப் போலக் கனத்தது. இருட்டுக் காட்சியிலும் கறுப்புக் குதிரையின் பிடரிமயிரைத் தனித்தனியே காட்டுவது. வெள்ளி மெலிந்தது, இசைக்கு அதுவே மேல் என்று கேள்வி. அதற்குமேல் அவரால் நகர முடியவில்லை. ரவிக்குமார்தான் வழி சொன்னான்.

“கடை வேறைங்க, ஊட்டு ஹால் வேறைங்க. ரெண்டையுமே ஒரு மாசம் ஊட்டுல வெச்சுப் பாருங்கையா. புடிச்சதை வெச்சுக்கிட்டு மத்ததைக் குடுங்க, போதும்.”

இம்மாதம் முதல் தேதியன்று இரண்டும் மலையேறி வந்தன.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இத்தனை ஆண்டு சுழலிகளின் இரைச்சலுக்குள் வாழ்ந்த ஆறுமுகசாமியின் காது, தவிலை வாங்கிக்கொள்ளும். தாளத்தின் சிணுங்கலை விட்டுவிடும். அதை அவர் மறைக்கவில்லை. “கண்ணு என்னுது, காது உன்னுது. படத்தை நான் பாத்துக்கறேன், சத்தத்தை நீ சொல்லு” என்று மனைவியைத் துணைக்கழைத்தார்.

அன்று தொடங்கியது அந்தச் சோதனை. நாள்தோறும் மூன்று மணிக்கு அடுப்படியை மூடிவிட்டுக் கனகமணி கூடத்துக்கு வரவேண்டும். ஒலி செவ்வையாகக் கேட்கும் இடம் சோபாவின் நட்டநடுவில் ஒன்றே ஒன்றுதான். ஆகையால் இருவரும் அவ்விடத்திலேயே நெருக்கியடித்து உட்கார வேண்டும். எந்தப் பெட்டி பாடுகிறது என்று தெரிந்தால் மனம் சாய்ந்துவிடுமாம். ஆகையால் அவள் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு நாதசுரக் கச்சேரித் தட்டு. அதில் வித்துவான் ஓரிடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவார். அவ்விடம் வரும்போது ஆறுமுகசாமி அவள் மணிக்கட்டில் விரலால் இருமுறை தட்டுவார்.

“மூச்சு கேட்டுதா?”

“கேட்டுதுங்க.”

“செரி, கண்ணைத் தொறந்தராத. இப்ப மத்தது.”

முழங்கால் சொடுக்கிட எழுவார், செருப்பொலி அடுக்கு வரைக்கும் போகும், ஏதோ கிளிக்கென்னும், திரும்பி வந்து அமர்வார். மீண்டும் மணிக்கட்டில் இரண்டு தட்டு.

“எது மேல்? மொதல்லதா, ரெண்டாவதா?”

உண்மையைச் சொன்னால், கனகமணிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. முதல்நாள் அவள் அதைச் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. இத்தனை ஆண்டு இரவுப்பணி பார்த்தவர் பகலெல்லாம் உறங்கினார்; அவள் பாத்திரம் ஓசைப்படாமல் கழுவினாள். ஓய்வு பெற்ற பின்னரோ காது மந்தமாகிவிட்டது. கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்ததால் இருவருக்கும் பேச்சே சுருங்கிவிட்டது. தோளோடு தோள் ஒட்டி ஒரு பிற்பகல் முழுவதும் அவர் அருகில் உட்கார்ந்தது, கல்யாணமான புதிதில் மேட்டுப்பாளையம் ரயிலில் வந்தபோதுதான். ஒரே பெட்டியை நாலு நாள் சொன்னால் சோதனை முடிந்துவிடுமே! ஆகவே ஒருநாள் முதலாவது என்றாள், மறுநாள் இரண்டாவது என்றாள், மூன்றாம் நாள் “இன்னொருவாட்டி போடுங்க, பிடிபடலை” என்றாள். அவரும் முகம் கோணாமல் ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இப்படியே இருபத்தேழு நாள் ஓடிற்று. இருபத்தெட்டாம் நாள் காலையில் மனிதர் முடிவுக்கு வராமலே போய்விட்டார். ஆசைப்பட்ட ஒன்றையேனும் நிறைவேறக் காணவிடாமல், தன் பொய்யால் அவரை அலைக்கழித்துவிட்டதாகவே கனகமணிக்குப் பட்டது.

நண்பகலில் ஷண்முகப்ரியா கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அப்பனின் காலைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தாள். அவள் வந்த அரைமணியில் ரவிக்குமார் மாலையோடு வந்தான். மாலையை வைத்துக் கும்பிட்டுவிட்டு ஓரமாய் நின்றவனிடம் ப்ரியாதான் பேச்சைத் தொடங்கினாள்.

“அப்பா எதைங்க முடிவு பண்ணியிருந்தாரு? உங்ககிட்டச் சொன்னாருங்களா?”

“ஐயா சொல்லலீங்க. போன வாரம் போன்ல கேட்டேன். ‘பொறுங்கப்பா, அம்மணி இன்னும் கேட்டுக்கிட்டு இருக்குது’ன்னாரு. இப்ப அதெல்லாம் எதுக்குங்க? எப்ப வேணுமோ அப்ப எடுத்துக்கறேன்.”

“இல்லைங்க. அவரு ஆசைப்பட்டதை இந்த ஊட்டுல வெக்கோணும். மத்ததை இன்னிக்கே கொண்டு போயிருங்க.” ப்ரியா குறிப்பேட்டை எடுத்து வந்து புரட்டினாள். “ஏம்மா, இதுல ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் வெள்ளின்னு மாறி மாறிக் கெடக்குது. நேத்து வரைக்கும் அப்படித்தான். எல்லாம் நீ சொன்னதுன்னு எழுதியிருக்காரு. எதும்மா?”

கனகமணி குனிந்த தலை நிமிரவில்லை. “தெரியலை கண்ணு” என்றாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். நாள்தோறும் அவள் கூடத்துக்கு வரும் அதே நேரம். வாசல்வரை போனவள், தேர்போன்ற அந்தப் பாடை வளைவில் திரும்பி மஞ்சுக்குள் மறையும் வரைக்கும் நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

பக்கத்து வீட்டுச் செல்வி அதற்குள் வாளியும் துடைப்பமுமாய் ஆயத்தமாக நின்றாள். உடலை எடுத்த கையோடு வீட்டைக் கழுவிவிட வேண்டும். அவள் வாளியைச் சாய்க்கப் போன நேரத்தில், பாடைக்குப் பின்னே போயிருந்த சங்கிலி மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தான்.

“நில்லுங்கக்கா! ஒயரெல்லாம் உசுரோட இருக்குது. தண்ணி ஊத்தாதீங்க. அண்ணன் ஊட்டுலயே ஆளு ஷாக் அடிச்சு விழுந்தா, நானெல்லாம் பவர்ஹவுஸ்ல வேலை பாத்தேன்னு சொல்லிக்க முடியுமா?”

முதன்மை இணைப்பை அணைத்தான். பெட்டிகளின் விளக்குகள் இரண்டும் ஒருசேர அவிந்தன. பின்பு மர அடுக்கைச் சற்று முன்னுக்கு நகர்த்தி, ஒயர்களைக் கழற்றுவதற்காகப் பின்புறம் கையை விட்டவன், அப்படியே நின்றுவிட்டான். விட்ட கையை மெல்ல வெளியே எடுத்தான்.

“அண்ணி, இங்க கொஞ்சம் வாங்க. அண்ணன் டேக் கட்டியிருக்காருங்க.”

“என்னது?”

வெள்ளிப் பெட்டியின் பின்னாலிருந்து, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்குப் போகவேண்டிய ஒயர் பிடுங்கப்பட்டு, அழகாகச் சுருட்டப்பட்டு, அதன்மேல் சிவப்பு அட்டையொன்று நூலால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. மின்நிலையத்தில் ஏதேனும் ஓர் இணைப்பை நிறுத்தினால் மாட்டுகிற அட்டை அது. சங்கிலி அதைத் தொடாமல் குனிந்து, எழுத்துக்கூட்டுபவனைப் போலப் படித்தான்.

“இணைப்பு நீக்கப்பட்டது. தேதி ஒன்பது. காரணம்...” அவன் இன்னும் நெருங்கிக் குனிந்தான். “காரணம்: கனகத்தின் காது நாளொரு பேச்சு பேசுகிறது. என் கண்ணுக்குக் கறுப்பே போதும். முடிவாயிற்று. சோதனை மட்டும் நடைபெறும். ஒப்பம், ஆறுமுகசாமி.”

செல்வியின் வாளியில் நீர் தளும்பி அடங்கிற்று.

“ஒம்பதாந் தேதியா?” என்றாள் ப்ரியா. “அப்ப அதுக்கப்புறம் இந்த வெள்ளிப் பொட்டி பாடவேயில்லையா? விளக்கு எரிஞ்சுதே!”

“கரண்ட்டு வந்துச்சு, விளக்கு எரிஞ்சுது. ஒயரு இல்லாம எங்கீங்க பாடும்?”

“நேத்துக்கூட அம்மா ‘வெள்ளிதான் மேல்’னு சொன்னதா எழுதியிருக்காரே!” என்ற ப்ரியாவுக்கு அழுகையின் நடுவே சிரிப்புப் பீறிட்டுவிட்டது. “அம்மா! ஒரே பொட்டியைத்தான் ரெண்டுவாட்டி கேட்டிருக்கறே!”

கனகமணி விரல்விட்டு எண்ணினாள். பத்தாம் தேதி முதல் நேற்று வரைக்கும், பதினெட்டுப் பிற்பகல்கள். அத்தனை நாளும் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எழுந்து, அடுக்கு வரைக்கும் நடந்து, ஒன்றுமே செய்யாமல், ஒரு கிளிக் ஓசையை மட்டும் உண்டாக்கிவிட்டுத் திரும்பி வந்து அமர்ந்திருக்கிறார். அவள் “இது கொஞ்சம் மேல்ங்க” என்றபோதெல்லாம், “அப்படியா சொல்றே?” என்று எவ்வளவு அக்கறையாய் எழுதிக்கொண்டார்!

“கள்ளரு” என்றாள் மெல்ல. “சரியான கள்ளரு.”

சங்கிலி கையைத் துடைத்துக்கொண்டான். “அண்ணி, இதை நான் அவுக்க முடியாதுங்க. கட்டுனவருதான் அவுக்கோணும். அண்ணன் எனக்குச் சொல்லிக்குடுத்த மொத ரூலே அதுதான்.”

“அவரு எங்கீடா வந்து அவுப்பாரு?”

“ஆளு இல்லீன்னா அடுத்த ஷிப்ட்டுல வர்றவங்க கையெழுத்துப் போட்டுப் பொறுப்பை வாங்கிக்கோணுமுங்க. அப்பறம் அவுக்கலாம்.”

“அடுத்த ஷிப்ட்டு யாரு?”

சங்கிலி தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திருகி அவளிடம் நீட்டினான்.

கனகமணி தரையில் அமர்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, அவர் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். தேதியையும் குறித்தாள். நூலின் முடிச்சு இறுக்கமாய் இருந்தது. நகத்தால் நெம்பிப் பொறுமையாக அவிழ்த்தாள். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, “வெள்ளியை அட்டைப் பொட்டியில போட்டு ரவிக்குமாருகிட்டக் குடுத்துரு சாமி. கறுப்பு இருக்கட்டும்” என்றாள். சங்கிலி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் பாடையைத் தொடர்ந்து மஞ்சுக்குள் ஓடினான்.

வீடு கழுவினார்கள். டேப்பின்மேல் துடைப்பம் படாமல் செல்வி அந்த நான்கு மூலைகளையும் துணியால் துடைத்தாள். ஆடவர் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்து முடிக்கையில் மணி ஐந்தரை. சோபாவை உள்ளே கொணர்ந்தனர். வெளியே கிடந்ததில் அதன் கைப்பிடிகள் பனித்திருந்தன. கனகமணி குனிந்து பார்த்தாள்.

“இன்னும் ஒரு வெரக்கடை இந்தப் பக்கம் நகத்துங்க. ம்... போதும்.”

எல்லாரும் விலகினர். அவள் சோபாவில் போய் அமர்ந்தாள். நட்டநடுவில் அல்ல, அதற்குச் சற்று இடப்புறமாக, பாதி இடத்தை விட்டு. எதிரே கறுப்புப் பெட்டியில் விளக்கில்லை. இணைப்பை இன்னும் யாரும் கொடுக்கவில்லை. அலமாரிக்குள் எரியும் சிறு பல்பும் அவிந்திருந்தது. அடுப்படியில் ப்ரியா பாலைப் பொங்கவிடாமல் அடுப்பை அணைத்தாள்.

கனகமணி கண்களை மூடிக்கொண்டாள். வலக்கையை நீட்டி, வெற்றிடமாயிருந்த மெத்தையின்மேல், உள்ளங்கை மேல்நோக்க மணிக்கட்டைத் திருப்பி வைத்தாள்.