மூலையில் இருந்த இரண்டு எழுத்து

கொக்கி பரணில் தலையை நுழைத்துப் பதினோரு வருடத்துத் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். கீழே அவன் மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்போ எதுக்கு அந்தச் சனியனை இறக்குறீங்க?"

"வெள்ளிக்கிழமை வக்கீல் வர்றானாம். குடோன்ல வேலை பார்த்ததுக்குச் சான்றிதழ் வாங்கணுமாம். கேன்டீன் அக்கா சொன்னா."

"வரட்டுமே. முகத்தைத் திருப்பிக்கிட்டு நில்லுங்க. பதினோரு வருஷமா அதைத்தானே பண்றீங்க."

"திருப்புறதா, தலை குனியுறதான்னு தெரியணும்ல. அதுக்குத்தான் இறக்குறேன்."

அவள் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வக்கீல் பேச்சு வந்தால் அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் நின்றுபோகும்.

வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு வக்கீல் இல்லை. மூட்டை தூக்குகிறவன்தான். "மழை வரும்போல இருக்கு" என்றால் "என்ன சாட்சி?" என்று கேட்பான். அதனால் வந்த பெயர். மூட்டையில் இரும்புக் கொக்கியை மாட்டி இழுப்பதில் இவனை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் இவனுக்குக் கொக்கி. அம்மா அப்பா வைத்த பெயர்கள் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தன.

கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். இருந்தார்கள் என்று சொல்வதும் சரியில்லை. கொக்கிக்குப் பகல் வேலை, வக்கீலுக்கு இரவு வேலை. அறையில் ஒரே கட்டில். ஒருவன் எழுந்துபோன சூடு ஆறுவதற்குள் மற்றவன் வந்து விழுவான். வாசலில் செருப்பு மாட்டும் நேரம் மட்டும் முகம் பார்த்துக்கொள்வார்கள். "சாப்பிட்டியா?" "ம்." அவ்வளவுதான் பேச்சு.

அதில் ஒரு வருடம்தான் தொழிலாளர் சங்கத்தில் எழுத்து வகுப்பு நடத்தினார்கள். இருவரும் முப்பது தாண்டியவர்கள். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்த விரலுக்குள் பென்சில் நிற்கவே நிற்காது. ஒரு 'ழ' எழுதுவதற்குள் நெல் மூட்டை இரண்டு இறக்கிவிடலாம். அந்த நேரத்தில் கிடங்கு அலுவலகத்தில் ஒரு பழைய லேப்டாப்பைக் கழித்துப் போட்டார்கள். வக்கீல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

"விரலை அமுக்கினா எழுத்து விழுது. நமக்கு இதுதான்டா தோது" என்றான்.

பழுது பார்க்கும் கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார். "இந்தக் கிழவனுக்கு வேற எதுவும் தாங்காது. லினக்ஸ்னு இலவச சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா மூச்சு விடும்" என்றார். போட்டுத் தந்தார். இருவருக்கும் தமிழ் எழுத்துதான் தெரியும் என்றதும் ஒவ்வொரு சாவியிலும் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி, திறக்கும்போதே தமிழில் வருகிறமாதிரி வைத்துக் கொடுத்தார். மூடியில் லினக்ஸின் சின்னமான பென்குயின் படமும் ஒட்டினார். அன்றிலிருந்து அதற்குப் பட்சி என்று பெயர்.

பட்சிக்கு ஆயிரம் கோளாறு. ஸ்பீக்கரில் சத்தம் வராது, காதில் மாட்டினால்தான் வரும். மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும், திறந்தால் எழுந்திருக்காது. பொத்தானைப் பத்து எண்ணும்வரை அமுக்கிப் பிடித்து, செத்ததும் திரும்ப உசுப்ப வேண்டும். வக்கீல் எட்டிலேயே விட்டுவிடுவான். "பத்துன்னு சட்டத்துல எங்க எழுதியிருக்கு?" என்பான்.

அதில் 'பேச்சு' என்று ஒரு கோப்பு. வேலைக்குப் போகிறவன் வருகிறவனுக்கு இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஒப்பந்தம். எழுத்து அப்படித்தான் இருவருக்கும் கைக்கு வந்தது. கடவுச்சொல்லும் இருவரும் சேர்ந்து வைத்ததுதான். வாசலில் செருப்போடு நின்று, ஒருவன் சொல்ல ஒருவன் அமுக்கியது.

சண்டை வந்தது எதனால்? சிரிப்பால் வந்தது. வக்கீல் எழுதி வைத்த ஒரு வரியைக் கொக்கி கேன்டீனில் எல்லோருக்கும் சொல்லிக் காட்டினான். கேன்டீனே உருண்டது. வக்கீலுக்கு முகம் சுண்டிவிட்டது. "இனிமே சொன்னே, பட்சிக்கு வேற பூட்டு போட்டுடுவேன்" என்றான். நாலு நாள் கழித்துக் கொக்கி வேலை முடிந்து வந்து கடவுச்சொல்லை அமுக்கினான். தவறு என்று வந்தது. திரும்ப அமுக்கினான். தவறு. பத்துத் தடவையும் தவறு.

வக்கீலும் அமுக்கிப் பார்த்தான். அவனுக்கும் திறக்கவில்லை.

"நடிக்காதடா" என்றான் கொக்கி.

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரம், கேன்டீன் நிறைய ஆள். கொக்கி எழுந்து நின்று கத்தினான். "இவன்தான் மாத்தினான்! மாத்திட்டுத் தெரியாதுங்கறான். திருடனாவது ஒத்துக்குவான்!" எதற்கும் வாதாடுகிற வக்கீல் அன்று வாயே திறக்காமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அந்த வாரமே அறையைக் காலி செய்தான், அடுத்த மாதம் வேலையையும் விட்டான். வாதாடாததையே கொக்கி குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டான்.

ஸ்டிக்கர் ஒட்டிய கடைக்காரர் அதற்குள் கடையை மூடிக்கொண்டு எங்கோ போயிருந்தார். வேறொரு கடையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றார்கள். அழிக்க மட்டும் கொக்கிக்கு மனம் வரவில்லை. பரணில் போட்டான்.

வியாழக்கிழமை மதியம் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, பட்சியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினான். மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. ஒரு பெண் கண்ணுக்குப் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு சின்ன வயர் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய போன் கிடந்தது. அது திடீரென்று அடித்தது, எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

"இதுவும் லினக்ஸ் போன்தாண்ணே" என்றாள் அவள். "யாராவது கூப்பிட்டா முதல் நாலு ரிங் இதுக்குத் தூக்கம் கலையறதுக்கே போயிடும். அஞ்சாவதுதான் எனக்கு. எங்க வீட்டுக்காரர், உன்னைக் கூப்பிடறதுக்குப் பதில் நடந்தே வந்துடலாம்ங்கறாரு."

"அப்புறம் ஏம்மா வச்சிருக்கே?"

"நானே பிரிச்சு நானே சேர்த்தது. விடமுடியுமா?"

கொக்கிக்கு அவளைப் பிடித்துப்போனது. துண்டைப் பிரித்தான். அவள் பென்குயினைப் பார்த்துச் சிரித்தாள். பேட்டரி உப்பிக் கிடந்தது; கழற்றி வைத்துவிட்டு நேராக மின்சாரத்தில் சொருகினாள். விசிறி ஒரு முக்கு முக்கிவிட்டுச் சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மடமடவென்று ஓடின. அந்த வரிகளை வக்கீல் "பட்சி பாடம் ஒப்பிக்குது" என்பான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்மா. இதோட பாஸ்வேர்டை யாராவது மாத்தினாங்களா, இல்லையா? அதைச் சொல்லு போதும்."

"அடிச்சுக் காட்டுங்க."

ஒற்றை விரலால், ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து அமுக்கினான். கட்டத்தில் புள்ளிகள் விழுந்தன. தவறு என்றது.

அவள் திரையைப் பார்க்கவில்லை, அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா இது திறந்தப்போ யாராவது அப்டேட் பண்ணினீங்களா?"

"நான் பண்ணல. அவன் என்னமோ பண்ணினேன்னு சொன்னான்."

"இங்க பாருங்கண்ணே." திரையின் மேல் மூலையில் விரலை வைத்தாள். அங்கே சின்னதாக இரண்டு ஆங்கில எழுத்து இருந்தது. "இது என்ன தெரியுதா?"

"அது என்னமோ எப்பவும் அங்கதான் இருக்கும். எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. அவனுக்கும் தெரியாது."

"கீபோர்டு இப்போ இங்கிலீஷ்ல இருக்குன்னு அர்த்தம். நீங்க தமிழ் ஸ்டிக்கரைப் பார்த்து அமுக்கறீங்க, உள்ளே போறது இங்கிலீஷ் எழுத்து. வெளியே தெரியறது வெறும் புள்ளி. ரெண்டுக்கும் புள்ளி ஒண்ணுதானே! சில அப்டேட் போட்டா, பாஸ்வேர்டு கேக்கற வாசல்ல வச்சிருந்த தமிழ் போயிடும், அது பாட்டுக்கு இங்கிலீஷுக்குத் திரும்பிடும்." அந்த எழுத்தின்மேல் அழுத்தி வேறொன்றைத் தேர்ந்தெடுத்தாள். "இப்போ அடிங்க. அதே சொல்லு."

க. ட். டி. ல்.

பட்சி திறந்துகொண்டது.

"யாரும் மாத்தலண்ணே" என்றாள் அவள். "அன்னிலேருந்து இதேதான் இருக்கு."

அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு 'பேச்சு' கோப்பைத் திறந்தான்.

'தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன். குடிச்சிட்டுத் தூங்கு.'

'தலையணை எல்லாம் எண்ணெய். தலையைத் துடைச்சிட்டுப் படு.'

'அது எண்ணெய் இல்ல. என் அறிவு கசியுது.'

இதைத்தான் கேன்டீனில் சொல்லிக் காட்டினான். அதற்குக் கீழே, அவன் யாரிடமும் சொல்லாத வரிகளும் இருந்தன.

'அம்மாவுக்கு முடியல. யார்கிட்டயும் சொல்லாதே.'

'சொல்லல. நீ போ. ரெண்டு ஷிஃப்டும் நான் பாத்துக்கறேன்.'

எழுதியது யார் என்று எங்கும் போடவில்லை. போட அவசியமும் இருந்ததில்லை. கடைசி வரி வக்கீலுடையது.

'பட்சி ஏதோ கேக்குது. புதுசு போடவான்னு கேக்குதுன்னு நினைக்கறேன். சரின்னு அமுக்கப் போறேன். கெட்டுப்போச்சுன்னா கத்தாதே. முதல்ல என்னைக் கேளு.'

கொக்கி அதை இரண்டு தடவை படித்தான். மூன்றாவது தடவை எழுத்து கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை வக்கீல் வந்தான். தலை முழுக்க நரை. அலுவலகத்தில் கையெழுத்துக்குக் காத்திரு என்று சொல்லியிருந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கொக்கி போய் எதிரில் நின்றதும் எழுந்து நகரப் பார்த்தான்.

"வக்கீலு, ஒரு நிமிஷம். கேன்டீனுக்கு வா."

"எதுக்கு? இன்னொரு தடவை கத்தவா?"

"வாடா."

கேன்டீன் அக்கா மின்விசிறி வயரைப் பிடுங்கிவிட்டுப் பட்சியைச் சொருக இடம் கொடுத்தாள். "வியர்த்துச் சாகுங்க" என்றாள். கொக்கி சுற்றி வளைக்கவில்லை; மூலையை மட்டும் தொட்டுக் காட்டி, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று சொன்னான். "நீயே அடி."

வக்கீல் அடித்தான். திறந்தது.

"மன்னிச்சிடுடா. உன்னைக் கேக்காம கத்திட்டேன்" என்றான் கொக்கி.

"அது கிடக்கட்டும்." வக்கீல் சாவிகளின்மேல் விரலை ஓட்டினான். "நீ அவ்வளவு அடிச்சுச் சொன்னியா, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தூக்கக் கலக்கத்துல நான்தான் எதையாவது அமுக்கி மாத்திட்டேனோன்னு. இத்தனை வருஷமா யோசிச்சுப் பார்க்கறேன். என்ன சொல்லா மாத்தியிருப்பேன், என்ன சொல்லான்னு. பஸ்ல போறப்பகூட. நான் மாத்தலைல்ல?"

"மாத்தல."

"நிச்சயமா?"

"நீ மாத்தல."

வக்கீல் சுற்றிலும் பார்த்தான். புதுப் பையன்கள் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்; ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குச் சொன்ன சத்தத்துல சொல்லு."

கொக்கி எழுந்து நின்றான். கூச்சமாகத்தான் இருந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டான்.

"இவன் மாத்தல! வக்கீல் மாத்தவே இல்ல! நான்தான் பொய் சொன்னேன்!"

புதுப் பையன்கள் வாயில் வைத்த கவளத்தோடு முழித்தார்கள். "என்னத்தை மாத்தல?" என்று ஒருவன் கேட்டான். அக்கா கரண்டியை ஆட்டி, "நீ சாப்பிடு" என்றாள்.

வக்கீல் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தான். நீண்ட தூரம் மூட்டை சுமந்து வந்தவன் இறக்கி வைத்தபின் தோளைத் தேய்ப்பதுபோல, ஒரு கையால் இன்னொரு தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தான்.