குட்மேய்ஸ் விலாசம்

கறுப்பினத் தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தின் சந்தேகக் கண்ணிலிருந்து எப்படிக் காக்கிறார்கள் என்று லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒன்பது வருடமாகச் சமூகவியல் படிப்பிக்கிறாள் தாரகா. வகுப்பில் வாய் ஓயாது. வீட்டில் மட்டும் வாய்க்குப் பூட்டு.

மகள் ஜதுர்ஷிகாவின் செக்கண்டரி பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். ஃபாரஸ்ட் கேட்டில் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. கணவன் சஞ்சயனோ குட்மேய்ஸ் பள்ளிக்கூடத்தில் இடம் பிடிக்க, அங்கே இருக்கும் தமையனின் விலாசத்தைப் போட்டுப் படிவத்தை நிரப்பிவிட்டு, அனுப்புகிற வேலையைத் தாரகாவின் தலையில் கட்டியிருந்தான்.

அன்றைய பாடம் பள்ளிக்கூடத் தெரிவு. ஆஸ்பத்திரி ஷிப்டுக்கு நடுவே படிக்க வரும் டொலறஸ் கை உயர்த்தினாள். மூன்று பிள்ளைகளின் தாய், கறுப்பினப் பெண்.

"போன மாதம் ஃபாரஸ்ட் கேட் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த ஒரு குடும்பத்துக்கு என் மகள்தான் சுற்றிக் காட்டினாள். அந்த ஆள் மனைவியிடம், இங்கே முழுக்கக் 'கறுவல்', வா போவோம் என்றாராம்." கறுப்பினத்தவரை இழித்துச் சொல்லும் அந்த ஒரு சொல்லை டொலறஸ் தமிழிலேயே சொன்னாள். "என் மகள் நர்சரியிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். எல்லாம் விளங்கியது. என்றாலும் வாசல்வரை கொண்டுபோய் விட்டு நன்றி சொன்னாள்."

தமிழில் சொன்னால் சுவருக்கும் கேட்காது என்று நம்மாட்களுக்கு ஒரு நினைப்பு. தாரகாவின் விரல் அடுத்த ஸ்லைடுக்கான பொத்தானுக்குப் போனது.

"மனைவி என்ன சொன்னாளாம்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"ஒன்றுமில்லை. பின்னாலேயே போனாளாம்."

வெட்கம் தாரகாவைப் பிடுங்கித் தின்றது. பேசாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருக்கலாம். "அது நான்தான்," என்றாள் தாரகா.

டொலறஸ் அசையவில்லை. "தெரியும். பல்கலைக்கழக இணையத்தளத்தில் உங்கள் படத்தைப் பார்த்து மகள் சொன்னாள். இங்கேயாவது வாய் திறக்கிறீர்களா என்று பார்த்தேன்."

வகுப்பு முடிந்ததும் தாரகா படிவத்தைத் திறந்து திருத்தி அனுப்பினாள். பிறகு சஞ்சயனுக்கு ஃபோன் எடுத்தாள்.

"ஃபோம் அனுப்பியாச்சு. எங்கட வீட்டு விலாசம்தான் போட்டனான். முதல் தெரிவு ஃபாரஸ்ட் கேட்."

"உமக்கென்ன விசரே? அங்க முழுக்க..."

"எங்களுக்குச் சுற்றிக் காட்டின பிள்ளைக்கு நீங்கள் சொன்னது விளங்கினது," என்றாள் தாரகா. "வாசல்ல நிண்டு எங்களுக்கு நன்றி சொல்லிச்சுதெல்லே, எல்லாம் விளங்கித்தான் சொன்னது."